மலைப் பக்கமும் கடல் பக்கமும்: கோபே பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கடந்த நவம்பரில், ஒசாகாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அழைப்பின்பேரில் முதன்முறையாக ஜப்பானுக்குப் போய், பக்கத்து ஊரான கோபேயில் எட்டு நாள் தங்கித் திரும்பியதைச் சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் அந்தத் துறைமுக நகரத்துக்கே தந்திருக்கிறேன்.

ஜப்பான் என்றால் எல்லோரும் டோக்கியோ, கியோட்டோ என்றுதான் போகிறார்கள். ஆச்சி, நீங்கள் கோபேயைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் உண்டா?
வாசகி, காரைக்குடி

காரணம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. என் அப்பச்சி பிறந்த வீட்டில், பட்டாலைச் சுவரை இடுப்பு உயரத்துக்குச் சுற்றிவரும் பீங்கான் டைல்ஸில் ரோஜாப் பூவும் இலையும் விரலால் தடவினால் புடைத்துத் தெரியும். சிறு வயதில் சித்திரை வெயிலுக்கு அதில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் நீர் இறங்கி ஒரு டைல் பெயர்ந்து விழுந்தது. பின்புறம் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியபோது, ‘மேட் இன் ஜப்பான்’ என்ற ஆங்கில எழுத்துகள் அச்சாகப் பதிந்திருந்தன. அதுவரை வருகிறவர்களுக்கெல்லாம் அதை இத்தாலியிலிருந்து வந்தது என்றே நாங்கள் சொல்லி வந்தோம்.

பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று நம் வீடுகளைப் பற்றி வரிசையாக ஒப்பிக்கும் நாம் ஜப்பானைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மயோலிகா என்னும் ஐரோப்பிய வண்ணப் பூச்சுப் பீங்கான் பாணியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜப்பானியர், அதே வேலைப்பாட்டில் டைல்ஸ் செய்து சீனாவுக்கும் மலாயாவுக்கும் நம் நாட்டுக்கும் கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள். மயிலும் பூவும் மட்டுமல்லாமல், இந்தியாவுக்கென்றே கண்ணன், இலக்குமி, சரசுவதி உருவங்களையும் வார்த்து அனுப்பினார்கள். இத்தொழிலில் இறங்கிய பழைய நிறுவனங்களுள் ஒன்று 1885-இல் அவாஜித் தீவில் தொடங்கப்பட்டது. அந்தத் தீவு கோபே நகரத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. இதைப் படித்தறிந்த நாளிலிருந்து அந்தக் கடற்கரையில் ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

போன பிறகு தெரிந்துகொண்ட ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரின் நடுவில், சன்னோமியா ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, இகூட்டா என்னும் பழமையான கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு உரிமைப்பட்டு, அதன் செலவுகளைத் தாங்கி வந்த குடும்பங்களை ‘கான்பே’ என்று அழைத்தார்கள். அதாவது கோயில் குடிகள். அந்தச் சொல்தான் மருவி ‘கோபே’ ஆயிற்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்களால் தங்களை அடையாளம் சொல்லிக்கொள்ளும் நகரத்தார் குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஒரு வணிக நகரமே கோயில் குடிகள் என்னும் பெயரைத் தாங்கி நிற்பதைக் கேட்டபோது மெய் சிலிர்த்தது.

ஊர் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது? மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?
வாசகர், தேவகோட்டை

பொட்டல் வெளியில் அகலமான தெருக்களை நூல் பிடித்தாற்போல் வகுத்துக் கட்டிய ஊர்களில் பிறந்த நமக்கு, கோபேயின் அமைப்பு முதலில் திகைப்பையே தரும். வடக்கே ரொக்கோ மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி 931 மீட்டர். தெற்கே கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு மேல்துண்டை விரித்துப் போட்டாற்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் சுமார் 15 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஆகவே அங்கே யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. ‘மலைப் பக்கம்’, ‘கடல் பக்கம்’ என்றே சொல்கிறார்கள். ‘யாமா’ என்றால் மலை, ‘உமி’ என்றால் கடல். இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டதும் எனக்குப் பாதி மொழி தெரிந்துவிட்டதுபோல் தைரியம் வந்துவிட்டது. தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிறகு வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லை.

துறைமுகக் கரையில் 1963-இல் கட்டிய 108 மீட்டர் உயரக் கோபுரம், செந்நிறக் குழாய்களால் இடை சிறுத்து நிற்கிறது. அவர்கள் அதைத் தங்கள் நாட்டு முரசின் வடிவம் என்கிறார்கள். நம் கண்ணுக்கு அது நிமிர்த்தி வைத்த உடுக்கை. அதன் மேலிருந்து பார்க்கும்போதுதான், கடலுக்குள் சதுரமாக வெட்டி வைத்தாற்போல் தெரியும் தீவுகள் இயற்கையானவை அல்ல என்பது விளங்குகிறது. நிலம் போதாமல், 1966-இல் தொடங்கி 1981 வரை, நகரின் மேற்கிலிருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டித் ‘துறைமுகத் தீவு’ என்ற புது நிலத்தை உண்டாக்கினார்கள். வெட்டிய குன்றுகளின் இடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. ‘மலை கடலுக்குப் போகிறது’ என்று அந்தத் திட்டத்தை அவர்கள் வருணித்தது இன்றும் பேச்சில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருணி வெட்டி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அது முக்கியம். புல்லட் ரயில் நிற்கும் ஷின்-கோபே நிலையத்தின் பின்புறமாக ஏறினால், சிறிது நேர நடையிலேயே நூனோபிகி அருவி வந்துவிடுகிறது. அதற்கும் மேலே 1900-இல் கட்டி முடித்த கற்காரை அணை ஒன்று இருக்கிறது. அவ்வகையில் ஜப்பானில் அதுவே முதலாவது. பூமத்திய ரேகையைத் தாண்டினாலும் கெடாத தண்ணீர் என்று கப்பல்காரர்கள் கோபே நீரைத் தேடி வந்து நிரப்பிக்கொண்டு போனார்களாம். வீட்டுக் கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கி அண்டாக்களில் பிடித்து வைத்த நம் ஆயாக்களுக்கு அந்த அருமை சொல்லாமலே புரிந்திருக்கும்.

1995 நிலநடுக்கத்தில் நகரமே தரைமட்டமானது என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். இப்போது அதன் அடையாளம் ஏதாவது இருக்கிறதா?
வாசகர், கானாடுகாத்தான்

இருக்கிறது; அதைத்தான் நான் மற்ற எதையும்விட அதிக நேரம் நின்று பார்த்தேன்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிடம். ஜப்பானிய அளவீட்டில் 7.3 என்று பதிவான அந்த அதிர்ச்சி அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. இறந்தவர்கள் 6,434 பேர். அவர்களில் பெரும்பாலோர், கனத்த ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள் உறக்கத்திலேயே மேலே சரிந்ததால் மாண்டவர்கள். தூண்களின் மேல் ஓடிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 635 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நாகாட்டா என்னும் தொழிலாளர் வட்டாரம் தீயில் எரிந்தது. உலகின் முன்னணிச் சரக்குப் பெட்டகத் துறைமுகங்களுள் ஒன்றாக இருந்த கோபே, அன்று இழந்த இடத்தை மறுபடியும் எட்டவில்லை; கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குப் பழகிவிட்டன.

துறைமுகத்தின் சீரமைப்பு இரண்டே ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்தது. ஆனால் மெரிக்கன் பூங்காவின் கரையில், உடைந்த கப்பல் துறையின் 60 மீட்டர் நீளத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதை அருகில் நின்று பார்த்தேன். கற்காரைப் பலகைகள் நாலா பக்கமும் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. விளக்குக் கம்பங்கள் ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமுமாகச் சாய்ந்தபடியே நிற்கின்றன. பிளந்த இடங்களில் கடல்நீர் புகுந்து பாசி படிந்திருக்கிறது. சுற்றிலும் கம்பித் தடுப்பு, நடைபாதை, விளக்கப் பலகை, அதில் நாளும் மணியும். நான் போன காலையில் மஞ்சள் தொப்பி அணிந்த பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சாய்ந்த விளக்குக் கம்பத்தைப் பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது.

மலைப் பக்கம் கித்தானோ என்னும் மேட்டுப் பகுதியில், வெளிநாட்டு வணிகர்களும் தூதர்களும் வாழ்ந்த பழைய வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் பச்சை வண்ணம் பூசிய, 1903-இல் அமெரிக்கத் தூதருக்காகக் கட்டிய மரவீட்டின் செங்கல் புகைபோக்கி, நிலநடுக்கத்தில் கூரையிலிருந்து பெயர்ந்து தோட்டத்தில் விழுந்தது. வீட்டைப் பழுது பார்த்தவர்கள் கூரையில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, விழுந்ததை அந்தத் தோட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். என் நினைவு உடனே தனுஷ்கோடிக்குப் போயிற்று. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் மாதா கோயில் சுவர்களும் ரயில் நிலையச் சுவர்களும் நம் கடற்கரையிலும் நிற்கின்றன. ஆனால் தனுஷ்கோடியில் அவை கிடக்கின்றன, கோபேயில் வைத்திருக்கிறார்கள். கிடப்பதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கோபேயில் கண்ணால் கண்டேன்.

நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவில் அணையாத் தீபம் ஒன்று எரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில், அதே 5.46 மணிக்கு, வெட்டிய மூங்கில் துண்டுகளில் விளக்கேற்றி மக்கள் கூடி நிற்பார்கள். நம் நாகப்பட்டினக் கரையைச் சுனாமி அழித்து ஒரு மாதம்கூட ஆகாத 2005 ஜனவரியில், பேரிடர்த் தணிப்புக்கான ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியதும் இதே நகரில்தான்.

என் அய்யா ‘ஜப்பான் சண்டை’யில் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். கடை, நிலம் எல்லாம் போயிற்று. வீட்டில் ஜப்பான் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அந்த நாட்டை வியந்து எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
வாசகர், புதுவயல்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கிடையிலும் அதற்குப் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மலாயாவில் இருந்தவர்கள் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்து, 1945-இல் அவை வெறுங்காகிதமாகியதைக் கண்டார்கள். தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள். பர்மாவில் எஞ்சிய நிலங்களை, விடுதலைக்குப் பின் 1948-இல் வந்த நில நாட்டுடைமைச் சட்டம் எடுத்துக்கொண்டது. உங்கள் அய்யா எழுந்து போனதில் ஒரு தவறும் இல்லை.

கோபேயும் எரிந்தது. 1945 மார்ச் 17-இலும் ஜூன் 5-இலும் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனால் அவர்கள் பட்டதால் நாம் பட்டது தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் பேரேட்டில் உள்ள பற்றை இன்னொருவர் பேரேட்டில் வரவு வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. நான் போய்ப் பார்த்த காட்சிக்கூடங்களில், இந்தத் துறைகளிலிருந்து படைவீரர்களும் தளவாடங்களும் எங்கே போயின என்பதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் ஒரு வரியும் படவில்லை. உடைந்த கரையை அத்தனை நேர்மையாகப் பாதுகாக்கும் ஊரில் அந்த மௌனம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

நான் வியந்தது, அவர்கள் தங்கள் இழப்பைப் பேணும் முறையைத்தான். நம்மிடம் அது இல்லை. உங்கள் அய்யா எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், எத்தனை நாள் நடந்தார், யாரோடு வந்தார், எந்த ரயிலில் ஏறி ஊர் சேர்ந்தார் என்பதை வீட்டில் யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். இந்தப் பக்கத்துக்கு அனுப்பினால் ஒரு சொல் குறையாமல் வெளியிடப் பார்க்கிறேன்.

நம்மவர்கள் கடல் கடந்து கொண்டுவிற்கப் போனதுபோல் அவர்களும் போனார்களா?
வாசகி, பள்ளத்தூர்

போனார்கள், ஆனால் முதல் போட்டு வட்டிக்கடை வைக்க அல்ல, பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்ய. 1908 ஏப்ரல் 28 அன்று ‘கசாட்டோ மாரு’ என்ற கப்பல் 781 பேரை ஏற்றிக்கொண்டு கோபேயிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. ஐம்பது நாளுக்கு மேல் கடலில் இருந்து, ஜூன் 18-இல் சாண்டோஸ் துறையை அடைந்தது. காப்பித் தோட்ட வேலைக்காக அப்படிப் போகத் தொடங்கியவர்களின் தொகை காலப்போக்கில் சுமார் இரண்டரை லட்சமாயிற்று.

புறப்படும் முன் அவர்களைத் தங்க வைப்பதற்கென 1928-இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் மலைச் சரிவில் இன்றும் நிற்கிறது. உள்ளே இப்போது ஒரு காட்சிக்கூடம். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள் ஒரு வாரம், பத்து நாள் அங்கே தங்கி, தடுப்பூசி போட்டுக்கொண்டு, போர்த்துகீசிய மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டார்கள். கண்ணில் தொற்று நோய் இருக்கிறதா என்று இமையைப் புரட்டிப் பார்ப்பார்களாம். இருந்தால் கப்பல் ஏற அனுமதி இல்லை. வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வந்த குடும்பத்தில் ஒரு குழந்தைக்குக் கண் சிவந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்று நினைத்துக்கொண்டே அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடந்தேன். அங்கிருந்து இறங்கும் சரிவான தெரு நேராகக் கப்பல்துறைக்குப் போகிறது. மூட்டைகளோடு அந்தச் சரிவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் மறுபடி அதில் ஏறவில்லை.

நம்மவர்களின் பயணம் வேறு வகை. வட்டிக்கடையின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போய், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் இடமாக வைத்துக்கொண்டு இருந்து, கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வீடு கட்டியதும் இங்கேதான், அறுபதாம் ஆண்டுச் சாந்தி கழித்ததும் இங்கேதான். அப்படித் திரும்பி வந்த பணம் கட்டிய வீடுகளில்தான் நீங்களும் நானும் பிறந்தோம். கோபேக் கரையில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தகப்பன், தாய், பிள்ளை சிலை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிய நம்மவர்களுக்கு அப்படி ஒரு சிலை அங்கே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. கப்பலில் ஏறியவர்களைவிட, வளவில் காத்திருந்த ஆச்சிகளுக்குத்தான் அதை முதலில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
வாசகி, திருப்பத்தூர்

தேடினால் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் உலர்ந்த மீனைக் கொதிக்க வைத்து எடுத்த சாறுதான் அடிப்படை. கேட்டுத் தெரிந்துகொண்டே வாயில் வையுங்கள். இந்தியர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாழும் ஊர் என்பதால் நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ரொட்டிக் கடைகளுக்கும் கோபே பெயர் பெற்றது. பருப்புப் பொடியும் மாவடுவும் கையோடு கொண்டுபோனது நான் செய்த நல்ல காரியம்.

கோபே முத்துக்குப் பெயர் போனது என்கிறார்களே, அங்கே முத்து எடுக்கிறார்களா? அங்குள்ள இந்தியர்கள் யார்?
வாசகர், கோட்டையூர்

எடுப்பது வேறு கடற்கரைகளில். தரம் பிரித்து, துளையிட்டு, கோத்து, உலகுக்கு அனுப்புவது கோபேயில். ரொக்கோ மலையின் பசுமையில் பட்டு வடக்கிலிருந்து வரும் சீரான வெளிச்சம், முத்தின் நிறத்தைப் பிரித்தறிய ஏற்றது என்கிறார்கள். கொற்கை முத்தைப் பாடிய மொழிக்காரர்களுக்கு இதில் ஒரு சோகமும் உண்டு. சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவிக்கும் முறையில் 1893-இல் மிக்கிமோட்டோ என்ற ஜப்பானியர் வெற்றி கண்டார். பிறகு அந்த முத்து உலகச் சந்தைக்கு வந்ததும், மன்னார் வளைகுடா முதலிய இடங்களில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தின் வாணிகம் மங்கத் தொடங்கியது.

இந்த முத்து வாணிகத்தில் பல தலைமுறையாக இருப்பவர்கள் குசராத்திச் சமணர்கள். கித்தானோ மேட்டில் 1985-இல் அவர்கள் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் கோயிலைத் தெரு முனையில் திடீரென்று கண்டதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டேன். சிந்திகளும் பஞ்சாபிகளும் துணி வாணிகத்துக்காக வந்தவர்கள். 1923-இல் பெரும் நிலநடுக்கம் யோக்கோகாமாவை அழித்தபோது அங்கிருந்த இந்திய வணிகர் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் இந்த நகரில்தான் 1935-இல் எழுந்தது. அதற்குப் பணம் தந்தவர்களில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். 1945 தீக்குண்டுக்கும் 1995 நிலநடுக்கத்துக்கும் தப்பி அது நிற்கிறது. வணிகர் எங்கே போனாலும் முதலில் கோயில் கட்டுவார் என்பதற்கு நம் ஊரில் சான்று தேட வேண்டியதில்லை.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆத்தங்குடிக் கல் செய்கிறது. அந்த ஜப்பான் டைல்ஸ் எப்படிச் செய்தார்கள்? நீங்கள் அந்தத் தீவுக்குப் போனீர்களா?
வாசகர், ஆத்தங்குடி

உங்கள் கடிதம்தான் என்னை மிகவும் மகிழ்வித்தது. செய்முறை முற்றிலும் வேறு. நீங்கள் கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, அகப்பையால் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காய வைக்கிறீர்கள். உங்கள் கல் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் களிமண் பொடியை உலோக அச்சில் அழுத்திப் பூவைப் புடைக்கச் செய்து, சூளையில் சுட்டு, பள்ளத்துக்கு ஒரு வண்ணமும் மேட்டுக்கு ஒரு வண்ணமுமாகப் பளிங்குப் பூச்சைக் கையால் நிரப்பி, மறுபடி சுட்டார்கள். அதனால்தான் நம் வீடுகளில் உங்கள் கல் கால் மிதிக்கும் தரையிலும், அவர்கள் டைல்ஸ் கை தொடும் சுவரிலும் இருக்கின்றன.

தீவுக்குப் போனேன். ஏழாம் நாள், அக்காஷிக் கடற்கால் மேல் செல்லும் தொங்கு பாலத்தைப் பேருந்தில் கடந்தேன். 3,911 மீட்டர் நீளம். 1998 ஏப்ரலில் திறந்தபோது, நடுக் கண்ணின் அகலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். கட்டிக்கொண்டிருந்தபோது அந்த நிலநடுக்கம் வந்து இரு கோபுரங்களுக்கும் இடையிலான தூரத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்த்திவிட, கட்டியவர்கள் அதற்கேற்பக் கணக்கைத் திருத்தி, 1,991 மீட்டராக முடித்தார்கள். தீவின் வடகோடியில், பூமி பிளந்து நகர்ந்த கோட்டின் ஒரு பகுதியைக் கூரை வேய்ந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுத் தோட்டத்து வேலி, பிளவு வந்த இடத்தில் வெட்டுப்பட்டாற்போல் பக்கத்தில் தள்ளி நிற்கிறது.

என் பையில் எங்கள் வீட்டிலிருந்து பெயர்ந்த அந்த டைல் இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கடற்கரையில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கோபே பக்கம் போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த வயதான அம்மா ஒருவர், அதைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். என் தங்கை மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும், இரண்டு கைகளையும் நீட்டி வாங்கி, ரோஜாவின் மேல் விரலால் தடவிப் பார்த்து, அதேபோல் இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

ஊர் வந்ததும் அதை இருந்த இடத்திலேயே சுண்ணாம்பு வைத்துப் பதிக்கச் செய்தேன். சீமைக்காரையில், அதாவது சிமெண்டில், வைத்தால் பின்னால் எடுக்கும்போது உடையும் என்று எங்கள் கொத்தனார் சொன்னார். நம் செட்டிநாட்டுக் கொத்து ஊர்கள் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே ஏறியிருக்க, வீடுகளோ கதவு தனியாகவும் தூண் தனியாகவும் டைல்ஸ் தனியாகவும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்குள் ஒரு வேலையை நாம் செய்துவிடலாம் என்று கருதுகிறேன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கும் டைல் ஏதேனும் இருந்தால், பின்புறத்தை மெல்லக் கழுவி, அதிலுள்ள எழுத்தையும் முத்திரையையும், முன்புறத்துப் பூவையும் படம் எடுத்து, வீடு கட்டிய ஆண்டும் அது இருந்த சுவரும் எதுவென்று எழுதி அனுப்புங்கள். பெயர்ப்பதற்காகப் பெயர்க்க வேண்டாம். வருகிறவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து இந்தப் பக்கத்தில் வெளியிடுவேன். ஆத்தங்குடி வாசகரே, எது எந்த அச்சு என்று பார்த்துச் சொல்ல உங்கள் குடும்பத்தின் உதவி எனக்கு வேண்டும்.